ஜின் கடைக்கு மாற்றாக ஏற்றிய விளக்கு

மியூசியம் என்றால் நமக்கு மாலை ஐந்து மணிக்கு மூடிவிடும் இடம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும்கூட. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அதே வெள்ளிக்கிழமையில்தான் இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் கடைசி வெள்ளியன்று அங்கே 'ஃப்ரைடே லேட்' என்றொரு நிகழ்ச்சி நடக்கும். கட்டணம் கிடையாது. ஆறரை மணிக்கு மேல் நுழைந்தால் குவிமாடத்திலிருந்து ஒரு கண்ணாடிச் சரவிளக்கு நீலமும் பச்சையுமாகப் பாம்புகள் பின்னிக்கொண்டாற்போலத் தொங்கும். டேல் சிஹுலி என்ற அமெரிக்கக் கலைஞர் செய்தது. அதன் கீழே பாட்டு ஓடும், பக்கத்தில் பார் இருக்கும். உள்கூடங்களில் எங்காவது ஓர் ஓவியரோ வடிவமைப்பாளரோ ஐம்பது பேருக்கு நடுவே உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். கேட்பவர்களில் பாதிப் பேர் கையில் ஏதோ ஒரு கோப்பை.

இப்படிப்பட்ட மாலைகள் இன்று பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. நியூயார்க்கில் புரூக்ளின் மியூசியம் மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவை 1998-லிருந்து ஊருக்குத் திறந்துவிடுகிறது. பெர்லினில் 1997-ல் 'மியூசியங்களின் நீண்ட இரவு' தொடங்கியது. அங்கே ஒரே டிக்கெட்டில் நள்ளிரவு தாண்டியும் ஒவ்வொரு மியூசியமாக ஏறி இறங்கலாம். அமெரிக்க நகரங்களில் சின்ன மியூசியங்கள்கூட மாதம் ஒரு வியாழனோ வெள்ளியோ ஒதுக்கி, இரண்டு கலைஞர்களை எதிரெதிரே உட்காரவைத்து, வருபவர்களுக்கு ஒரு கிளாஸ் ஒயினும் கொடுத்து அனுப்புகின்றன. 'கலைக்கும் சாராயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று நம்மூர் ஆள் கேட்டால் அதில் தப்பில்லை. அந்தச் சம்பந்தம் நினைப்பதைவிடப் பழையது, கொஞ்சம் வேடிக்கையானதும்கூட.

1857 ஜூன் மாதம் சவுத் கென்சிங்டன் மியூசியம் திறக்கப்பட்டது. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டின் பழைய பெயர் அது. அதை நடத்திய ஹென்றி கோல் பெரும்பாலான மியூசியங்கள் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார். கூடங்களில் எரிவாயு விளக்கு போட்டு ராத்திரியும் திறந்துவைத்தார். பகலில் மட்டும் திறக்கும் மியூசியம் யாருக்குப் பயன்படும்? வேலைக்குப் போகாதவர்களுக்குத்தானே. ஆலையிலும் பட்டறையிலும் இருட்டும்வரை உழைப்பவன் எப்போது வருவான்? அந்த வருஷமே கோல் ஓர் உரையில் ஒரு குடும்பத்தைச் சித்திரமாக வரைந்து காட்டினார். மங்கலான ஓர் அறை, இரண்டறை வீட்டிலிருந்து கிளம்பி, முரட்டுத்துணிக் கோட்டோடு கணவன், இருப்பதில் நல்ல தொப்பி போட்ட மனைவி, அவள் சால்வைக்குள் கைக்குழந்தை, பின்னாலேயே அப்பா மாதிரியே கோட்டு போட்ட பொடிசுகள். வெளிச்சம் நிறைந்த கூடத்தைப் பார்த்ததும் அத்தனை முகமும் மலர்கிறது. இந்த மாலைத் திறப்பு ஜின் கடைக்கு நல்ல மாற்றுமருந்தாக அமையலாம் என்று முடித்தார். அன்றைய லண்டனில் ஏழைத் தெருக்களில் பளபளவென்று விளக்கெரியும் இடம் என்றால் அது ஜின் கடைதான். வெளிச்சத்தை வெளிச்சத்தால் வெல்லப் பார்த்தார் மனிதர்.

எரிவாயு விளக்கு ஓவியங்களைக் கெடுத்துவிடும் என்று எதிர்ப்பு எழுந்தது. 1859-ல் ஒரு குழு உட்கார்ந்து ஆராய்ந்தது. குழுவில் யார் தெரியுமா? மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே, கூடவே ஜான் டிண்டால். எரிந்த வாயு படங்களைத் தொடாமல் வெளியேற வழி செய்துவிட்டால் ஆபத்தில்லை என்பது அவர்கள் முடிவின் சாரம். மியூசியத்தில் சாயந்திரம் விளக்கேற்றுவதற்கு அந்தக் காலத்தின் தலைசிறந்த விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

ஜின்னுக்கு எதிராக விளக்கேற்றிய அதே கோல், வளாகத்துக்குள் சிற்றுண்டிச் சாலையும் வைத்தார். பீரும் ஒயினும் அதில் உண்டு. மியூசியத்துக்கு வருகிறவர்கள் குடித்துக் கெட்டுப்போவார்கள் என்று சிலர் கூச்சலிட்டதற்குக் கணக்கு காட்டிப் பதில் சொன்னார்கள்: மொத்த விற்பனையைப் பார்வையாளர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இரண்டரைச் சொட்டு ஒயின், பத்தரைச் சொட்டு பாட்டில் பீர், கால் தள்ளாடியதற்காக வெளியே அனுப்பப்பட்டவர் ஒரே ஒருவர். அரசாங்கக் கணக்குகளில் இவ்வளவு ரசமான ஒன்றை நான் படித்ததில்லை. 1860-களின் கடைசியில் அந்தச் சிற்றுண்டிச் சாலை மூன்று அலங்கார அறைகளாக வளர்ந்தது. அதில் ஒன்றை வடிவமைத்தது வில்லியம் மாரிஸின் நிறுவனம். நடு அறையின் சுவரில், உண்டு குடித்து உழைப்பின் பலனை அனுபவிப்பதைப் புகழும் விவிலிய வாசகத்தைப் பீங்கான் எழுத்துகளில் பதித்திருக்கிறார்கள். மியூசியத்துக்குள் முதன்முதலில் உணவகம் வைத்தது தாங்கள்தான் என்று இன்றும் அவர்களுக்குப் பெருமை. 1988-ல் ஒரு விளம்பரத்தில், அருமையான காபிக்கடை, பக்கத்தில் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு மியூசியமும் உண்டு என்று தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். ரசித்தவர்கள் உண்டு, முகம் சுளித்தவர்களும் உண்டு.

கோப்பை வந்த கதை இது. கலைஞரைப் பார்வையாளர் நடுவே கொண்டுவந்து நிறுத்தும் வழக்கம் வேறு பாதையில் வந்தது. கண்காட்சித் திறப்பு விழாவை ஐரோப்பாவில் பல இடங்களில் 'வெர்னிசாஜ்' என்பார்கள். பிரெஞ்சுச் சொல். நேர்ப்பொருள் வார்னிஷ் பூசுவது. எண்ணெய் வண்ணப்படம் மாட்டி முடிந்தபிறகு ஓவியரே வந்து கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அடிப்பார். கதவு திறப்பதற்கு முந்தைய அந்த நாட்களில் புரவலர்களும் நண்பர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் வார்னிஷ் மறைந்து, எட்டிப் பார்ப்பவர்களும் அவர்கள் கைக்கோப்பையும் மட்டும் மிஞ்சினார்கள்.

லண்டன் ராயல் அகாடமியின் வார்னிஷ் நாட்களில் நடந்த ஒன்றை ஓவிய உலகம் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. 1832. ஆங்கில ஓவியர் டர்னரின் கடற்காட்சி ஒன்று, சாம்பல் நிறத்தில் அடக்கமாகத் தொங்குகிறது. பக்கத்திலேயே கான்ஸ்டபிள் தன் வாட்டர்லூ பாலத் திறப்பு விழா ஓவியத்தில் சிவப்பும் பொன்னுமாகத் தீட்டிக்கொண்டிருக்கிறார். டர்னர் வந்தார், இரண்டையும் பார்த்தார், தன் கடலில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். பிறகு வந்து அந்தப் பொட்டை மிதவையாக மாற்றினார். பக்கத்துப் படத்தின் அத்தனை சிவப்பும் அந்த ஒரு பொட்டின் முன்னால் வெளிறிப்போனது. டர்னர் வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் புலம்பியதாகச் சொல்வார்கள். முடிந்த ஓவியத்தைப் பகலில் பார்ப்பவருக்கு இது எதுவும் கிடைக்காது. அந்தப் பொட்டு விழும் நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது. கலைஞரோடு உரையாடல் என்று இன்று அழைப்பிதழ் அடிப்பவர்கள் உண்மையில் அந்தப் பக்கத்து இடத்தைத்தான் விற்கப் பார்க்கிறார்கள்.

பேச்சுக்கு இன்னொரு முன்னோடி நியூயார்க்கில் இருக்கிறது. 1950 ஏப்ரலில், கிழக்கு எட்டாவது தெரு 35-ஆம் எண் கட்டடத்தில், ஓவியர்களும் சிற்பிகளும் மூன்று நாள் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். வில்லெம் டி கூனிங், பார்னெட் நியூமன், லூயிஸ் புர்ஷுவா, ஆட் ரைன்ஹார்ட் எல்லோரும் இருந்தார்கள். பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து அடுத்த ஆண்டு அச்சிட்டார்கள். அவர்கள் மாய்ந்து மாய்ந்து விவாதித்தவற்றில் ஒன்று, ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்பது. கடைசி நாள், நவீனக் கலை மியூசியத்தின் முதல் இயக்குநராக இருந்த ஆல்ஃப்ரெட் பார், உங்கள் இயக்கத்துக்கு நீங்களே ஒரு பெயர் சொல்லுங்களேன் என்று கேட்டார். நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வது பேராபத்து என்று மறுத்தார் டி கூனிங். மியூசியக்காரருக்குப் பெயர்ப்பலகை எழுத ஒரு சொல் வேண்டும், கலைஞருக்கு அந்தச் சொல்லே விலங்கு. இன்றைக்கும் மேடையில் உட்காரும் காப்பாட்சியருக்கும் கலைஞருக்கும் நடுவில் இந்த இழுபறி ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்துக் கேட்டால் தெரியும். அன்று பேச்சு மிஞ்சினால் தொடர்வதற்குப் பக்கத்தில் சீடர் டேவர்ன் என்ற மதுக்கடை இருந்தது. இன்று அதையும் மியூசியமே உள்ளே கொண்டுவந்துவிட்டது.

மியூசியங்கள் இதற்கு ஏன் மெனக்கெடுகின்றன? பணமும் வயதும்தான் காரணம். பிரிட்டனின் தேசிய மியூசியங்களில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க 2001 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். வாசலில் காசு வராதபோது கடையிலும் காபியிலும் பாரிலும்தான் வர வேண்டும். வயது விஷயம் இன்னும் நுட்பமானது. பகலில் வருபவர்களைப் பாருங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைகள், சுற்றுலாப் பயணிகள், ஓய்வுபெற்றவர்கள். இருபத்தைந்திலிருந்து நாற்பது வயதுவரை உள்ளவர்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். கோல் பார்த்த அதே பிரச்சினை. முரட்டுத்துணிக் கோட்டுக்குப் பதில் கழுத்தில் அடையாள அட்டை, அவ்வளவு வித்தியாசம்.

இனி, ஒரு மாலை எப்படிப் போகும் என்று பார்ப்போம். முதல் ஒரு மணி நேரம் எதுவும் நடக்காததுபோல இருக்கும். ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், கோட்டையும் பையையும் ஒப்படைத்து டோக்கன் வாங்குவார்கள், பாருக்குப் போவார்கள். பிரிட்டனில் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அமெரிக்காவில் இருபத்தொன்று. முகம் இளமையாக இருந்தால் அடையாள அட்டை கேட்பார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது. குடிக்காதவர்கள் சங்கடப்படவே வேண்டாம். எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாத் தண்ணீரோடு நிற்பவர்கள் எத்தனையோ பேர். கையில் கோப்பை எதற்கு என்றால், தெரியாத கூட்டத்தில் தனியாக நிற்பவருக்குக் கை வைத்துக்கொள்ள ஓர் இடம். நம்மூர்க் கண்காட்சித் திறப்பு விழாவில் குத்துவிளக்கும் சால்வையும் முடிந்தபின் டீயும் சமோசாவும் செய்யும் வேலை அதுதான்.

பிறகு பேச்சு. பெரும்பாலும் முக்கால் மணி நேரம், அதற்குமேல் கால் மணி கேள்விகள். கலைஞர் ஒருவர், அவரைப் பேசவைக்கும் காப்பாட்சியர் ஒருவர், அல்லது கலைஞர்கள் இரண்டு பேர். கேட்டவரையில் சொல்கிறேன், இரண்டு கலைஞர்கள் பேசிக்கொள்வதே ருசி. காப்பாட்சியர் கருத்தைக் கேட்பார், இன்னொரு கலைஞர் கைவேலையைக் கேட்பார். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் முதல் கேள்வியே 'இந்த வேலைக்கு என்ன அர்த்தம்?' என்று வந்தது. சிற்பி சிரித்துவிட்டு இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அடுத்து ஒரு பெண், 'மழைக்காலத்தில் இதை எப்படிக் காயவைத்தீர்கள்?' என்றார். அவ்வளவுதான், சிற்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். விரிசல் விட்ட இரண்டு வார்ப்பு, கடன் வாங்கிய மின்விசிறி, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை என்று பத்து நிமிஷம் கை ஆட்டி ஆட்டிப் பேசினார். அர்த்தமும் அதற்குள்ளேதான் வந்து விழுந்தது. கேள்வி கேட்கத் தயங்குபவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்: 'ஏன்' என்று தொடங்காமல் 'எப்படி', 'எவ்வளவு நாள்', 'எது சரியாக வரவில்லை' என்று கேளுங்கள். கேள்வி என்று எழுந்து சொற்பொழிவு ஆற்றுபவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அவருக்கு மருந்து இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பேச்சு முடிந்து கோப்பையோடு ஓவியத்தின் பக்கம் நடந்தால் காவலர் கை நீட்டித் தடுப்பார். பெரும்பாலான இடங்களில் பானம் முன்கூடத்தோடு சரி, படங்கள் இருக்கும் அறைக்குள் போகாது. பல மியூசியங்கள் சிவப்பு ஒயினே ஊற்றுவதில்லை, வெள்ளை மட்டும்தான். சாயம் ஏறினால் கல்தரையிலிருந்துகூட அதை எடுப்பது பெரும்பாடு. சிந்திய சர்க்கரையும் உதிர்ந்த ரொட்டித் துணுக்கும் கரப்பானை அழைக்கும். கரப்பான் வந்த வீட்டுக்கு இராமபாணப் பூச்சியும் கம்பளி அரிக்கும் வண்டும் வர எத்தனை நாள் ஆகும்? பழைய காகிதமும் பட்டும் அவற்றுக்கு விருந்து.

குடிக்காமல் சும்மா நிற்கும் கூட்டமே ஒரு பிரச்சினை. ஓர் ஆள் ஏறத்தாழ நூறு வாட் பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுகிறார், மூச்சிலும் வியர்வையிலும் ஈரமும் விடுகிறார். ஓர் அறையில் இருநூறு பேர் நின்றால் இருநூறு பல்பு எரிகிற கணக்கு. காற்றின் ஈரப்பதத்தை ஐம்பது சதவீதத்தை ஒட்டி ஏறாமல் இறங்காமல் வைத்திருப்பதுதான் மியூசியத்தின் அன்றாடப் போராட்டம். ஈரம் ஏறி இறங்கினால் மரப்பலகை உப்பிச் சுருங்கும், அதன்மேல் உள்ள வண்ணம் செதில் செதிலாகப் பெயரும். அதனால்தான் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர்தான் என்று வாசலில் நிறுத்தி நிறுத்தி விடுகிறார்கள். வெளிச்சம் போதவில்லை என்ற முணுமுணுப்புக்கும் இதே மாதிரி பதில்தான். நீர்வண்ணப் படத்துக்கும் காகிதத்துக்கும் ஐம்பது லக்ஸ் அளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அலுவலக மேசையின் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குகூட இராது. பார்ட்டிக்காக மங்கலாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், பகலிலும் அப்படித்தான்.

இவ்வளவு கவனத்தையும் மீறி விபத்து நடக்கத்தான் செய்கிறது. 2015-ல் தைபேயில் ஒரு கண்காட்சியில் பன்னிரண்டு வயதுப் பையன் கையில் பானத்தோடு கால் இடறி விழப்போய், பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியம் என்று மாட்டப்பட்டிருந்த படத்தில் கையை ஊன்றினான். துணியில் ஓட்டை விழுந்தது. ஆனால் எனக்குப் பிடித்த விபத்து அதே ஆண்டு இத்தாலியின் போல்சானோ நகரில் நடந்தது. அங்குள்ள மியூசியோன் என்ற நவீனக் கலை மியூசியத்தில் கோல்ட்ஷ்மீட், கியாரி என்ற இரு பெண் கலைஞர்கள் ஓர் அறையைக் காட்சிப்படுத்தியிருந்தார்கள். காலி ஷாம்பெயின் பாட்டில்கள், சிகரெட் துண்டுகள், தரையெங்கும் வண்ணக் காகிதத் துகள்கள். எண்பதுகளின் இத்தாலிய அரசியல்வாதிகள் ஆடித் தீர்த்த விருந்துகளைச் சொல்லும் வேலை. 'இன்றிரவு எங்கே ஆடப் போகிறோம்?' என்று பெயர். முந்தின இரவு மியூசியத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. காலையில் வந்த துப்புரவுப் பணியாளர்கள், மிச்சம் மீதி என்று நினைத்து மொத்தத்தையும் பெருக்கி அள்ளி, கண்ணாடி தனியாக, காகிதம் தனியாகப் பிரித்துப் பையில் கட்டிவிட்டார்கள். அவ்வளவு ஒழுங்காகப் பிரித்திருந்ததால்தான் திரும்ப அடுக்க முடிந்தது. கலையையும் குப்பையையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். நான் துப்புரவுப் பணியாளர்கள் பக்கம். பார்ட்டி முடிந்த மறுநாள் காலை காலி பாட்டிலைப் பார்த்தால் வேறு என்ன செய்வது?

இப்படியொரு மாலைக்குப் போக வாய்ப்பிருந்தால் சில நடைமுறை யோசனைகள். பேச்சு நடக்கும் அறை சின்னதாக இருக்கும், நாற்காலி அதைவிடக் குறைவு. முதலில் அங்கே போய் இடம் பிடித்துவிட்டு பார் பக்கம் போங்கள். பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்து கடைசியில் தூண் மறைவில் நிற்கிறார்கள். இலவசம் என்றாலும் பேச்சுக்கு மட்டும் முன்பதிவு கேட்பதுண்டு. பெரிய பையும் முதுகுப்பையும் வேண்டாம். கூட்டத்தில் சட்டென்று திரும்பும்போது சிற்பத்தில் இடிப்பது முதுகுப்பைதான். எல்லாக் கூடமும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ராத்திரி நேரத்தில் சில கூடங்கள் மூடித்தான் இருக்கும். பேசிய கலைஞரின் வேலை அங்கே மாட்டியிருந்தால், பேச்சுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை, அதை மட்டும் போய்ப் பாருங்கள். பேச்சு முடிந்ததும் கலைஞர் மேடையிலிருந்து இறங்கி அவரும் பாருக்குத்தான் வருவார், வரிசையில் உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ நிற்பார். ஒலிவாங்கி முன்னால் சொல்லாததை அங்கே சொல்வார்.

மூடுவதற்கு அரைமணி முன்பே பார் கடையைக் கட்டும். காவலர்கள் கடைசிக் கூடத்திலிருந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு முன்வாசலை நோக்கி வருவார்கள், அவர்களுக்கு முன்னால் கூட்டம் மெதுவாக நகரும். பின்னாலேயே தட்டோடு ஒருவர், ஜன்னல் திட்டு, படிக்கட்டு, பெஞ்சின் அடி என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். யாரோ ஒருவர் சிற்பத்தின் பீடத்தில் கிளாஸை வைத்துவிட்டுப் போயிருப்பார். அது எந்தப் பீடம் என்று தட்டோடு வருபவருக்கு அனுபவத்தில் தெரியும், முதலில் அங்கேதான் போவார்.